யார் தயவும் வேண்டாம்

"அஞ்சு ஓட்டு," என்று ட்ரூடி தன் அக்காவின் காதில் கிசுகிசுத்தாள்.

"முன்னாலயா?"

"பின்னாலக்கா."

ஹேஸல் ப்ரெட்டில் சட்டையில் குத்தியிருந்த மயில்கழுத்து நிற ரிப்பன் பூவை நேராக்கினாள். பிறகு மேசைமேல் இருந்த பேனாவை. பிறகு தங்கையின் காலரை. கோபம் வந்தால் அவளுக்கு எதையாவது நேராக்கியே ஆக வேண்டும்.

மெல்ட்ரிங் மாவட்ட மன்றத் தேர்தலில் மற்ற எல்லா வார்டுகளுக்கும் முடிவு சொல்லியாகிவிட்டது. ஜெயித்தவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள், தோற்றவர்கள் கார் சாவியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கி இருந்தது ஆற்றங்கரை வார்டு மட்டும். அது வந்தால் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை. வராவிட்டால் இல்லை. அதனால் ஊரே அந்த ஒரு மேசையைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

எண்ணிக்கை நடந்தது நகர விளையாட்டு மையத்தின் பூப்பந்துக் கூடத்தில். பக்கத்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம் நீச்சல்குளம். தண்ணீர் இல்லை. நீல ஓடுகளின்மேல் காய்ந்த இலைகளும் ஒரு கவிழ்ந்த நாற்காலியும் கிடந்தன. "ஆழம் அதிகம், ஓடாதீர்கள்" என்ற பலகை மட்டும் இன்னும் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் ஹேஸல். அவள் கரையில் நின்று "காலை உதை!" என்று கத்தினால் குளத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, வாசலில் சைக்கிள் பூட்டிக்கொண்டிருப்பவர்களும் உதைப்பார்கள். பழுதுபார்க்கிறோம் என்று சொல்லி மன்றம் குளத்தைப் பூட்டியது. பிறகு, பழுதுபார்க்கப் பணமில்லை என்றது. பிறகு, மண்ணைப் போட்டு மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறோம் என்றது. ஊரைச் சுற்றி ஆறு ஓடுகிறது, பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. போன கோடையில் படகுத்துறையில் விழுந்த ஒரு சிறுமியை ஹேஸல்தான் பாவாடையோடு குதித்து இழுத்து வந்தாள்.

அடுத்து நடந்த பொதுக்கூட்டத்தில் அவள் எழுந்து அதைக் கேட்டபோது, ஆற்றங்கரை வார்டின் நிரந்தர உறுப்பினர் க்ளெமென்ட் ஹார்ஸ்ஃபால், கட்சி எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, "நீச்சல் தெரியாதவர்கள் ஆற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது" என்று வாசித்தார்.

"அப்ப உங்களை எதிர்த்து நான் நிக்கறேன்!" என்றாள் ஹேஸல் அங்கேயே.

ஹார்ஸ்ஃபால் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கைதட்டலை ஹேஸல் மறக்கவே இல்லை. தன்னைப் பார்த்து இப்படி ஒருவர் நக்கல் செய்ததாக அவளுக்கு நினைவில்லை.

இப்போது அதே ஹார்ஸ்ஃபால், காகிதக் கோப்பையில் தேநீருடன் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். நெட்டையான மனிதர். பழைய மழைக்கோட்டு. முகத்தில் எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற ஒரு சாயல்.

"ஹேஸல், டீ குடிங்க. மறு எண்ணிக்கை கேளுங்க. அஞ்சு ஓட்டெல்லாம் ஒரு வித்தியாசமா? எனக்கே வெக்கமா இருக்கு."

"நான் என்ன கேக்கணும், என்ன குடிக்கணும்னு நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் தேநீரை வைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டபடி போனார்.

"கேளுக்கா," என்று ட்ரூடி அவசரப்படுத்தினாள். அவள்தான் அக்காவுக்குத் தேர்தல் முகவர். பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. சட்டம் தெரியாது என்றாலும் அக்காவைத் தெரியும் என்பதால் முகவர் ஆக்கப்பட்டவள்.

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"அந்த ஆளு கேக்கச் சொல்றான்ல. மறுபடி எண்ணினா இன்னும் குறையும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"கேக்கலேன்னா இப்பவே தோத்தோம்க்கா!"

தேர்தல் அதிகாரி ஃபியோனா க்ரீவ் வந்து நின்றார். காலையிலிருந்து நின்று நின்று களைத்துப்போன, ஆனால் தலைமுடி ஒன்றுகூடக் கலையாத பெண்மணி. "ரெண்டு தரப்புக்கும் திருப்தியா? அறிவிச்சிடலாமா?"

"முழுத் திருப்தி," என்றான் பர்னபி. ஹார்ஸ்ஃபாலின் முகவன், கட்சிச் செயலாளர். அந்த ஒரு வார்டுக்காக இரண்டு நாளாகச் சவரம் செய்யாதவன்.

"எனக்குத் திருப்தியில்லை," என்றார் ஹார்ஸ்ஃபால்.

பர்னபி திரும்பிப் பார்த்தான். "சார், நாம ஜெயிச்சிருக்கோம்."

"அதான் சொல்றேன். சரியா எண்ணிட்டாங்களான்னு..."

ஹேஸலுக்குச் சுர்ரென்று ஏறியது. "அவர் ஒண்ணும் எனக்காகக் கேக்க வேண்டாம்! நானே கேக்கறேன். மறுபடி எண்ணுங்க. மேடம், கேட்டது நான்னு எழுதிக்கோங்க. ஹேஸல் ப்ரெட்டில்!"

அவளுடைய குரலுக்குக் கூடத்தின் மறுகோடியில் இருந்த காவலர் நிமிர்ந்து நின்றார்.

எண்ணினார்கள். ஹேஸலின் கட்டு ஒன்றில் ஹார்ஸ்ஃபாலின் ஓட்டு ஒன்று ஒளிந்திருந்தது. அது இங்கே குறைந்து அங்கே கூடியது. அஞ்சு, ஏழாகிவிட்டது.

"பாத்தியா?" என்றாள் ஹேஸல். "டீ குடுக்கும்போதே தெரியும்."

"டீக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"எனக்குத் தெரியும்." ஆறிப்போன தேநீரைக் கொண்டுபோய்ச் செடித்தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தாள். "மேடம்! இன்னொரு தடவை எண்ணணும். இந்த மேசை ஆளுங்க வேண்டாம். வேற ஆளுங்க எண்ணட்டும்."

க்ரீவ் நெற்றியைத் தேய்த்தார். "மிஸஸ் ப்ரெட்டில், ரெண்டு தடவை எண்ணியாச்சு. நியாயமா பாத்தா நான் மறுக்கலாம்."

"மறுத்துடுங்க மேடம்," என்றான் பர்னபி.

"நியாயமான கோரிக்கைதான் மேடம்," என்றார் ஹார்ஸ்ஃபால். "நானும் கையெழுத்துப் போடறேன்."

"என் கோரிக்கைக்கு நீங்க ஏன் ஆமாம் போடறீங்க?"

"நல்ல கோரிக்கை, அதான்."

"அப்ப வாபஸ்!"

ட்ரூடி அக்காவின் வாயைக் கையால் பொத்தினாள். "வாபஸ் இல்லை மேடம். அவங்களுக்குக் காலையிலேருந்து சாப்பாடு இல்லை. எண்ணுங்க."

வேறு மேசையிலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கட்டுகளைப் பிரித்தார்கள். ஹேஸல் கழுகுபோலக் குனிந்து நின்றாள். அவளுக்கு எதிரே ஹார்ஸ்ஃபாலும் குனிந்து நின்றார். இருவர் நெற்றியும் முட்டிக்கொள்ளாத குறை. ஹார்ஸ்ஃபாலுக்கு வியர்த்திருந்தது. பதவிமேல் இத்தனை வெறியா என்று ஹேஸல் நினைத்துக்கொண்டாள்.

திடீரென்று அவர் விரலை நீட்டினார். "அந்தக் கட்டைப் பாருங்க. மேல இருக்கறது மட்டும்தான் எனக்குப் போட்டது. கீழ ஏதோ வேற மாதிரி தெரியுது."

எண்ணுபவர் கட்டை விசிறிபோல விரித்தார். ஹார்ஸ்ஃபாலின் ஓட்டுகளுக்கு நடுவே ஹேஸலின் ஓட்டுகள் நான்கு, சமர்த்தாகப் படுத்திருந்தன.

பர்னபியிடமிருந்து சக்கரத்தில் காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. "சார்... அது யாரும் பாக்கலையே சார்..."

"நான் பாத்தேனேப்பா."

நான்கு அங்கே குறைந்து, நான்கு இங்கே கூடியது. ட்ரூடி விரல் விட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "ஒண்ணு முன்னால! அக்கா, நாம ஒரு ஓட்டு முன்னால இருக்கோம்!"

கூட்டத்தில் இருந்த நீச்சல்குளப் பாதுகாப்புக் குழுவினர் கத்தினார்கள். ஒருவர் நீச்சல் கண்ணாடியைக் கழற்றிக் காற்றில் சுழற்றினார்.

ஹேஸல் மட்டும் கத்தவில்லை. "அது எப்படி அவன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுது?"

"எப்படியோ தெரிஞ்சுது. விடுக்கா."

"முதல்லயே தெரிஞ்சு வச்சிருக்கான். எப்படியும் மாட்டிக்குவோம்னு, தானே காட்டிக்குடுத்து நல்ல பேரு வாங்கறான். நாளைக்குப் பத்திரிகையில 'கனவான் ஹார்ஸ்ஃபால்'னு போடுவான். நான் ஜெயிச்சது அவன் போட்ட பிச்சைன்னு ஊர் பேசும்."

"பேசட்டுமே! குளத்துல தண்ணி வரும்ல?"

"பிச்சைத் தண்ணியில நான் இறங்க மாட்டேன்."

"உன்னைத் தூக்கிப் போடுறேன். வாயை மூடிக்கிட்டு ஒரே ஒரு நிமிஷம் நில்லு."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் பர்னபி கையைத் தூக்கினான். "மேடம், சந்தேக ஓட்டுகளை மறுபடி பாக்கணும். அதுல ஒண்ணு பொம்மை போட்டது. அதை அவங்க கணக்குல சேத்திருக்கீங்க."

சந்தேக ஓட்டுகள் தனிக் கூடையில் இருந்தன. க்ரீவ் அதை எடுத்து மேசைமேல் பரப்பினார். பெருக்கல் குறி போட வேண்டிய கட்டத்தில் ஒருவர் வட்டமாக ஒரு முகம் வரைந்திருந்தார். சிரிக்கிற முகம். ஹேஸல் பெயருக்கு நேராக.

"தெளிவா இருக்கே," என்றார் ஹார்ஸ்ஃபால். "அவங்க பேருக்கு நேரா சிரிக்குது. அவங்களுக்குத்தான்."

"சார்! அவங்களைப் பாத்துச் சிரிக்கறதாக்கூட இருக்கலாம்ல?"

"என் பேருக்கு நேரா யாரும் அழுதுகூட வைக்கலையேப்பா. அவங்களுக்கே குடுத்துடுங்க மேடம்."

"குடுத்துடுங்கன்னு சொல்ல நீங்க யாரு?" ஹேஸல் மேசையில் தட்டினாள். சீட்டுகள் துள்ளின. "எனக்கு வர்றது சட்டப்படி வரட்டும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் மறுபடி பாருங்க மேடம். என் முன்னால. அவர் விட்டுக்குடுத்தது ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்."

"அக்கா," என்று ட்ரூடி கெஞ்சினாள்.

"நீ சும்மா இரு."

க்ரீவ் ஒவ்வொன்றாக எடுத்தார். முகம், செல்லும், யாருக்குப் போட நினைத்தார் என்பது புரிகிறது. இதயம், செல்லும். இரண்டு பேருக்கும் குறி போட்டது, செல்லாது. கட்டம் எதிலும் குறி போடாமல், குறுக்கே "மழை நிக்குமா?" என்று எழுதியது, செல்லாது. அடுத்து ஒன்று. ஹேஸல் பெயருக்கு நேரே அழகான பெருக்கல் குறி. கீழே ஓரத்தில் பென்சிலில் கோழி கிளறியதுபோல ஏதோ ஒன்று.

"இது கிறுக்கல்," என்றார் ஹார்ஸ்ஃபால் வேகமாக. "ஒண்ணுமே இல்லை. பென்சிலைப் பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. அடுத்தது எடுங்க மேடம், அடுத்தது."

அந்த வேகம்தான் ஹேஸலை உறுத்தியது. இந்த ஆள் எதையோ மறைக்கிறான். அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தாள். அந்தக் கோழிக் கிளறலை அவள் பார்த்திருக்கிறாள். "காய்ச்சல், இன்று நீச்சல் வரவில்லை" என்று அம்மாவுக்குத் தெரியாமல் எழுதிக் கொண்டுவரும் எழுத்து.

"கிறுக்கலா? நல்லாத்தானே எழுதியிருக்கு," என்று அவள் குளத்தங்கரைக் குரலில் வாசித்தாள். "'ஜெயிச்சு வாங்க டீச்சர். அன்புடன், நைஜல் பெட்ஸ்.'"

கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்த ஒரு குண்டு மனிதர் காது சிவந்து தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓட்டுப் போட்டவர் யாருன்னு தெரியற மாதிரி எழுதியிருந்தா அந்தச் சீட்டு செல்லாது, மிஸஸ் ப்ரெட்டில்," என்றார் க்ரீவ். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நான் அதைக் கவனிக்கலை. இப்போ கவனிக்காம இருக்க முடியாது."

ஹேஸல் திரும்பினாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். சிறுவனாக அங்கே கரைக் கம்பியை விட்டால் செத்துவிடுவேன் என்று அழுத நைஜலை நினைத்தாள். பிறகு ரிப்பன் பூவை நேராக்கினாள்.

"செல்லாதுன்னா செல்லாது. சட்டத்துக்கு மறைச்சு ஜெயிக்க நான் இங்க வரலை. எடுத்து வெளிய போடுங்க."

ஹார்ஸ்ஃபால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அதை ஏன் ஹேஸல் வாசிச்சீங்க?"

"உங்களுக்குக் கடன்பட எனக்கு இஷ்டமில்லை."

ஓட்டு சமமாகிவிட்டது.

பர்னபிக்கு உயிர் வந்தது. க்ரீவ் சட்டப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "சமமா வந்தா குலுக்கல்தான். சீட்டு யார் பேருக்கு வருதோ அவங்களுக்கு ஒரு ஓட்டு சேத்து, ஜெயிச்சதா அறிவிக்கணும்."

"குலுக்கலா?" ஹேஸல் நிமிர்ந்தாள். "வீடு வீடா நடந்திருக்கேன். எத்தனை நாய் துரத்தியிருக்கு. நான் என்ன திருவிழாக் கடையில தொங்கற கரடிப் பொம்மையா, குலுக்கி எடுக்க?"

"சட்டம், மிஸஸ் ப்ரெட்டில். இப்பதான் சட்டப்படி வரட்டும்னு சொன்னீங்க."

ஹேஸல் மேசைமேல் இருந்த பேனாவை நேராக்கினாள்.

"மேடம்," ஹார்ஸ்ஃபால் கையைத் தூக்கினார். "நான் விலகிக்கட்டுமா?"

"விலகறதுக்கான நாள் எப்பவோ முடிஞ்சு போச்சு சார்."

"ஒரு வழியும் இல்லையா? உடம்பு சரியில்லைன்னு..."

"சார்!" பர்னபி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். "கொஞ்சம் இப்படி வாங்க. உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையா?"

"பாத்தியா," என்றாள் ஹேஸல் தங்கையிடம். "இப்ப தியாகி பட்டம் வேற வேணுமாம்."

சீட்டுப் போட ஒரு பாத்திரம் தேடினார்கள். ஓட்டுப்பெட்டி சரிப்படாது, வாய் குறுகல். குப்பைத்தொட்டி மரியாதையாக இருக்காது. கடைசியில் விளையாட்டு மையக் காவலாளி, யாரோ தொலைத்துவிட்டுப் போன பொருள்களுக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் நீச்சல் தொப்பியைக் கொண்டுவந்தார். பச்சை நிறம். உச்சியில் சுறாமீனின் துடுப்பு. க்ரீவ் அதைப் பார்த்தார். தன் இத்தனை வருடப் பணிக்காலத்தையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்ததுபோல இருந்தது. பிறகு இரண்டு பெயர்களையும் எழுதி, ஒரே மாதிரி மடித்து, தொப்பிக்குள் போட்டார்.

"ஒரு நிபந்தனை," என்றாள் ஹேஸல். "அவர் கிட்ட வரக்கூடாது. தொடக்கூடாது. ஊதக்கூடாது."

"நான் சுவத்துக்கிட்டயே நிக்கறேன்," என்று ஹார்ஸ்ஃபால் போய் நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. கோவிலுக்கே போகாத மனிதர், பதவிக்காகக் கடவுளைக் கூப்பிடுகிறார் என்று ஹேஸல் உள்ளுக்குள் கறுவினாள். தான் மட்டும் கண்ணை மூடவில்லை. யாரிடமும் எதையும் வேண்டவும் இல்லை. இடுப்பில் கையை வைத்து, போட்டியில் விசில் ஊதப்போகும் நேரத்தில் நிற்பதுபோல நின்றாள்.

க்ரீவ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுறாவுக்குள் கையை விட்டார். பிரித்தார்.

"ஹேஸல் ப்ரெட்டில்."

என்ன நடந்தது என்று கொஞ்ச நேரம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ட்ரூடி அழுதாள். நீச்சல் கண்ணாடிக்காரர் முன்பின் தெரியாத காவலரைக் கட்டிக்கொண்டார். நைஜல் பெட்ஸ் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து இரண்டு கையையும் தூக்கினார். பர்னபி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவன் உட்கார நினைத்த நாற்காலி அல்ல, பக்கத்தில் இருந்தவருடைய மடி.

முதலில் கைதட்டத் தொடங்கியது ஹார்ஸ்ஃபால்தான். விடாமல் தட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. தோற்ற மனிதனின் கண்ணீர் என்று ஹேஸலுக்கு ஒரு நொடி மனசு இளகியது. ஆற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்று வாசித்த வாய் ஞாபகம் வந்ததும் இறுக்கிக்கொண்டாள்.

மேடையில் ஏறினாள். யாரோ ஒலிவாங்கியை நீட்டினார்கள். தள்ளிவிட்டாள்.

"மெல்ட்ரிங் மக்களே! அந்தக் குளத்துல மண்ணு விழாது. அவங்களுக்கு இனிமே பெரும்பான்மை இல்லை. வண்டி நிறுத்த இடம் வேணும்னா மன்றத் தலைவர் வீட்டுத் தோட்டத்துல நிறுத்துங்க! இந்த ஊர்ல பொறந்த ஒவ்வொரு பிள்ளையும் ஆத்தைப் பாத்துப் பயப்படாம வளரும். அதுவரைக்கும் நான் மன்றத்துல உக்காரவே மாட்டேன், நின்னுக்கிட்டேதான் இருப்பேன்!"

கூரை அதிர்ந்தது.

"இன்னொண்ணு. காலையிலேருந்து இங்க என்னென்னவோ நாடகம் நடந்துது. டீ வந்துது. கருணை வந்துது. தியாகம் வந்துது. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன். எதிராளி விட்டுக்குடுத்து நான் ஜெயிக்கலை. எதிராளியோட ஒரு துளி தயவுகூட இல்லாம, தன்னந்தனியா மோதி ஜெயிச்சிருக்கேன். எழுதி வச்சுக்கோங்க!"

அவள் மேடையிலிருந்து இறங்கும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு குட்டையான பெண்மணி ஓடிவந்தார். நனைந்த குடை ஒரு கையில், கைப்பை ஒரு கையில். இரண்டையும் கீழே போட்டுவிட்டு ஹேஸலை அப்படியே கட்டிக்கொண்டார். ஹேஸலின் ரிப்பன் பூ நசுங்கியது.

"நீங்க யாருன்னு..."

"ப்ரிசில்லா. ப்ரிசில்லா ஹார்ஸ்ஃபால். க்ளெமென்ட்டோட வீட்டுக்காரி."

ஹேஸல் தன்னை விடுவித்துக்கொண்டாள். ஜெயித்தவளுக்குரிய கண்ணியத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, அந்தப் பெண்மணியின் தோளில் மெல்லத் தட்டினாள். "மனசு கஷ்டப்படாதீங்கம்மா. தேர்தல்னா ஒருத்தர் தோத்துத்தான் ஆகணும்."

"கஷ்டமா! இந்த மனுஷனை யாராவது தோக்கடிச்சு வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களான்னு அவரும் நானும் இருபது வருஷமா காத்துக்கிட்டிருக்கோம். எங்க வீட்டு ஓட்டு ரெண்டையும் உங்களுக்கே போட்டும், கடைசியில குலுக்கல் வரைக்கும் இழுத்துட்டீங்களேம்மா!"